குடல் ஆபரேஷனுக்குப் பிறகு வலி: மார்ஃபின் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

மன்னவனூரில் இருந்து கொடைக்கானலுக்கே சுமார் 35 கி.மீ. மலைப்பாதை. பெரிய அரசு மருத்துவமனை என்றால் தேனிக்கோ மதுரைக்கோ இறங்க வேண்டும். குடல் ஆபரேஷன் முடிந்து, வயிற்றில் தையலோடு ஒருவர் இந்த ஊருக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி வலி வந்தால் என்ன செய்வார்?

ஓபியாய்டு ஏன் குறைக்கப்படுகிறது?

மார்ஃபின், டிரமடால் போன்ற ஓபியாய்டு மருந்துகள் மூளையில் மட்டுமல்ல, குடல் சுவரிலும் வேலை செய்யும். ஆபரேஷனால் ஏற்கெனவே அசந்துபோன குடலை இன்னும் மந்தமாக்கும். வாயு பிரியாது, வயிறு உப்பும், வீடு திரும்புவது தள்ளிப்போகும்.

மாற்று என்ன?

டென்மார்க் அறுவை சிகிச்சை நிபுணர் ஹென்ரிக் கெலெட் 1990-களில் முன்வைத்த வழி, ஒரே மருந்தை நம்பாமல் பலவற்றைச் சேர்ப்பது. வயிற்றுச் சுவர் நரம்புகளை மரத்துப்போக வைக்கும் ஊசி, வலி வரும்வரை காத்திருக்காமல் நேரத்துக்குப் பாராசிட்டமால், சீக்கிரம் எழுந்து நடப்பது. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளும் உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு, அல்சர் இருந்தால் ஆபத்து. குடலை இணைத்த இடம் கசியலாம் என்ற சந்தேகமும் உண்டு. மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

'பொறுத்துக்கோங்க' என்பது சிகிச்சை அல்ல

அமெரிக்காவில் ஓபியாய்டுகளை அள்ளிக் கொடுத்ததுதான் சிக்கல். இங்கே கதை தலைகீழ். 1985-ன் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் புற்றுநோயாளிகளுக்கே மார்ஃபின் கிடைப்பது கஷ்டமானது. 2014-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதனால் 'ஓபியாய்டு வேண்டாம்' என்பது 'வலியைத் தாங்கு' என்று மாறிவிடக் கூடாது. வலிக்குப் பயந்து இருமாமல், நடக்காமல் கிடந்தால் நிமோனியாவும் ரத்தக்கட்டும் வரலாம். மற்ற வழிகளில் வலி அடங்காதவருக்கு டாக்டர் மேற்பார்வையில் குறைந்த அளவில், சில நாட்கள் ஓபியாய்டு தருவது தவறல்ல.

டிஸ்சார்ஜுக்கு முன் கேளுங்கள்

எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, எத்தனை நாள்? அதற்கும் அடங்கலைன்னா அடுத்து என்ன? ராத்திரி யாருக்கு போன் பண்ணணும்? பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடினாலோ, காய்ச்சல், வாந்தி, வயிற்று உப்பல் சேர்ந்தாலோ மாத்திரை போட்டுப் பார்க்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். மலையில் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது.