75 அங்குலம் கேட்கும் முன் அளவுநாடாவை எடுங்கள்

தீபாவளி நெருங்கினால் வகுப்பில் புதுத் துணி, பலகாரம், புதுப் படம் என்றுதான் பேச்சு ஓடும். சென்ற ஆண்டு படிவம் 4 மாணவன் ஒருவன் வேறொரு செய்தியோடு வந்தான். "டீச்சர், எங்க வீட்டு டிவி ரொம்பச் சின்னது. 75 அங்குல 8கே டிவி வேணும்னு அப்பாகிட்ட கேட்டிருக்கேன். மூணு வருஷத் தவணையில எடுக்கலாம்னு சொல்றாரு. நல்லதுதானே?" என்றான். அவன் தந்தை லாரி ஓட்டுநர்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "நீ உட்கார்ற சோபாவுக்கும் டிவிக்கும் எவ்வளவு தூரம்?" அவனுக்குத் தெரியவில்லை. அன்று வகுப்பில் இருந்த யாருக்குமே தங்கள் வீட்டுக் கணக்குத் தெரியவில்லை.

மாணவர்களே, என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் படம் பார்க்கச் சிறந்த வழி, கடையில் இருப்பதிலேயே பெரிய திரையை வாங்குவதன்று. தூரம், வெளிச்சம், ஒலி, தொலைக்காட்சியின் அமைப்பு ஆகிய நான்கையும் சரிசெய்வதே சிறந்த வழி. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு தேவையில்லை. நீங்கள் பள்ளியில் படிக்கும் அறிவியலே போதும்.

கண்ணுக்கும் எல்லை உண்டு

வழக்கமான பார்வை உள்ள கண், ஒரு பாகையின் 60ல் ஒரு பங்கு கோணத்தில் அமைந்த நுணுக்கத்தைப் பிரித்தறியும். அதைவிடச் சிறியவை ஒன்றோடொன்று கலந்துவிடும். 3 மீட்டர் தொலைவில் இந்தக் கோணம் ஏறக்குறைய 0.87 மில்லிமீட்டருக்குச் சமம்.

இப்போது 55 அங்குலத் திரையை எடுத்துக்கொள்வோம். அதன் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். ஃபுல் எச்டி என்றால் அந்த அகலத்தில் 1,920 படப்புள்ளிகள். வகுத்துப் பாருங்கள்: ஒரு புள்ளி 0.63 மில்லிமீட்டர். 3 மீட்டரில் இதையே நம் கண்ணால் தனித்துப் பார்க்க முடியாது. 4கே என்றால் புள்ளியின் அளவு இதில் பாதி. 8கே என்றால் கால் பங்கு. 75 அங்குலத் திரையில்கூட 4கேக்கும் 8கேக்கும் வேறுபாடு தெரிய வேண்டுமானால், சுமார் ஒன்றரை மீட்டருக்குள் உட்கார வேண்டும். மிகக் கூர்மையான பார்வை உள்ளவர்களுக்கு இந்தத் தூரம் சற்றுக் கூடலாம். அவ்வளவுதான்.

நம்பிக்கை இல்லையா? ஒரு வெள்ளைத் தாளில் 1 மில்லிமீட்டர் தடிப்பில் கறுப்புக் கோடுகளை, 1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வரையுங்கள். தாளைத் தொலைக்காட்சியின் மேல் ஒட்டிவிட்டு மெல்லப் பின்னால் நடங்கள். சுமார் மூன்றரை மீட்டரில் கோடுகள் கலந்து சாம்பல் நிறமாகத் தெரியும். உங்கள் திரையின் புள்ளிகள் இந்தக் கோடுகளைவிட மெலிந்தவை என்பதை நினைவில் வையுங்கள்.

அப்படியானால் திரையின் அளவு முக்கியமில்லையா? முக்கியம்தான். திரை நம் கண்ணில் எவ்வளவு கோணத்தை நிரப்புகிறது என்பதே படத்தில் மூழ்கும் உணர்வைத் தருகிறது. படம் பார்க்க ஏறக்குறைய 30 பாகை நல்லது என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 55 அங்குலத் திரை 3 மீட்டரில் 23 பாகையைத்தான் நிரப்பும். 30 பாகை வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 75 அங்குலம் வாங்குவது. மற்றொன்று, சோபாவை 70 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்துவது. இரண்டாவது வழிக்குத் தவணை கிடையாது.

வெளிச்சம் கறுப்பைக் கெடுக்கும்

என் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு புதுத் தொலைக்காட்சி வாங்கினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் போட்டால், இரவுக் காட்சியெல்லாம் வெளிறிப்போய்த் தெரிந்தது. திரையில் என் முகமும் சன்னல் கம்பியும்தான் தெரிந்தன. கோளாறான பெட்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்குத் தொலைபேசியில் அழைத்துச் சத்தம் போட்டேன். வந்த பணியாளர் எதையும் தொடவில்லை. எதிரே இருந்த சன்னல் திரையை இழுத்து மூடினார். படம் சரியாகிவிட்டது. அறிவியல் ஆசிரியை என்று அவரிடம் நான் சொல்லிக்கொள்ளவில்லை.

கணக்கு எளியது. ஒரு திரையின் வெள்ளைப் பகுதி, கறுப்புப் பகுதியைவிட 3,000 மடங்கு ஒளிர்கிறது என்று கொள்வோம்: வெள்ளை 300 அலகு, கறுப்பு 0.1 அலகு. அறை வெளிச்சம் திரையில் பட்டு 3 அலகு திரும்பி வந்தால், வெள்ளை 303, கறுப்பு 3.1. விகிதம் 3,000லிருந்து 98க்கு விழுந்துவிடும். விளம்பரத்தில் போடும் எண்ணெல்லாம் இருட்டறையில் எடுத்த எண். ஆகவே, சன்னலுக்கு எதிரே தொலைக்காட்சியை வைக்காதீர்கள். அதற்காகக் கும்மிருட்டும் வேண்டாம். திரைக்குப் பின்னால் ஒரு மங்கிய விளக்கு இருந்தால் கண் சோர்வு குறையும்.

இல்லாத படத்தைக் காட்டும் பெட்டி

இன்னொன்றும் கவனியுங்கள். திரைப்படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 24 படங்கள் என்ற வேகத்தில் எடுக்கப்படுகின்றன. பல தொலைக்காட்சிகள் இரண்டு படங்களுக்கு நடுவே, கணித்து உருவாக்கிய படங்களைத் தாமாகவே செருகுகின்றன. பந்து விளையாட்டுக்கு இது நல்லது. திரைப்படமோ நாடகத் தொடர் போல வழவழப்பாகிவிடும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இந்த அமைப்பை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று காணொளி வழியே கேட்டுக்கொண்டார்கள். மறு ஆண்டு, இயக்குநர் எடுத்தபடியே படத்தைக் காட்டும் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற அமைப்பு அறிவிக்கப்பட்டது. உங்கள் தொலைக்காட்சியில் அது இல்லாவிட்டால் 'சினிமா' அல்லது 'மூவி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேலை ஒரு நிமிடம்தான்.

பாட்டிக்குக் கேட்கிறதா?

நம் வீடுகளில் நடக்கும் பெரிய சண்டை ஒலியைப் பற்றியது. வசனம் கேட்கவில்லை என்று பாட்டி சொல்வார். நாம் ஒலியைக் கூட்டுவோம். அடுத்த நிமிடம் படத்தில் வெடி வெடிக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை அழும்.

பாட்டியின் மீது தவறில்லை. வயதாகும்போது முதலில் குறைவது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த, க போன்ற மெய்யொலிகளின் தெளிவு அங்கேதான் இருக்கிறது. மெல்லிய தொலைக்காட்சிகளில் ஒலிபெருக்கி கீழ்ப்புறமோ பின்புறமோ பார்த்திருப்பதால், அந்த ஒலிகள் நேரே நம்மிடம் வருவதில்லை. காசு செலவழிக்க வேண்டுமென்றால் இங்கே செலவழியுங்கள் என்பேன். நம்மை நோக்கி வைத்த சாதாரண ஒலிபெருக்கிப் பட்டை ஒன்று, திரையில் 20 அங்குலம் கூடுவதைவிடப் பாட்டிக்கு அதிகம் உதவும். அதற்கும் முன், உங்கள் தொலைக்காட்சியில் வசனத்தைத் தெளிவாக்கும் அமைப்பும், வெடிச் சத்தத்தை அடக்கும் இரவு நேர அமைப்பும் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

கைப்பேசி போதாதா?

"எதுக்கு டீச்சர் டிவி? கைப்பேசியிலேயே பார்த்துக்கலாமே" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 12 சென்டிமீட்டர் அகலப் படத்தை 30 சென்டிமீட்டரில் பார்ப்பதும், 120 சென்டிமீட்டர் அகலப் படத்தை 3 மீட்டரில் பார்ப்பதும் கண்ணுக்கு ஒரே கோணம்தான். ஆனால் கண் வில்லையின் வேலை ஒன்றல்ல. 3 மீட்டரில் குவிக்க 0.33 டயாப்டர் போதும்; 30 சென்டிமீட்டரில் 3.3 டயாப்டர், அதாவது பத்து மடங்கு. இரண்டரை மணி நேரம் அப்படியே பிடித்திருந்தால் கண் வலிக்காமல் என்ன செய்யும்? காதுக்குள் செருகும் ஒலிக்கருவிக்கும் கணக்கு உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கைப்பேசியில் பார்க்கும் படத்துக்கு ஒரே ஒரு பார்வையாளர். ஒரே வீட்டில் நான்கு அறையில் நான்கு பேர் நான்கு படம் பார்த்தால், அதைக் குடும்பமாகப் படம் பார்ப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரிய திரை வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நீண்ட வரவேற்பறையும் கையில் காசும் இருப்பவர்கள் வாங்கட்டும். ஆனால் வாங்கித் தரச் சொல்லிக் கேட்பது நாம். மாதந்தோறும் தவணை கட்டுவது அப்பா, அம்மா. கேட்கும் முன் அளந்து பார்ப்பது நம் கடமை இல்லையா?

அந்த மாணவன் மறுநாள் அளந்துகொண்டு வந்தான்: 3 மீட்டர். வீட்டில் இருந்தது 43 அங்குலம். திரை சிறியது என்ற அவன் குறை நியாயமானதுதான். கோடு போட்ட தாளை அப்பாவுக்கும் காட்டியிருக்கிறான். கடைசியில் 55 அங்குல 4கே வாங்கினார்கள், முழுப் பணமும் கட்டி. சோபா முன்னால் வந்தது. பாட்டிக்கு ஒலிபெருக்கிப் பட்டை அடுத்த மாதம் என்றான்.

இந்த வார இறுதியில் நீங்களும் அளந்து பாருங்கள். அளவுநாடா ஒன்று, வெள்ளைத் தாள் ஒன்று, பத்து நிமிடம். அதன் பிறகு அப்பாவிடம் பேசுங்கள்.