ஜீப் விபத்தும் வாக்குமூலத்தின் மொழியும்

போடிமெட்டு, கம்பமெட்டு மலைப்பாதைகளில் விடியற்காலையிலேயே தேனி மாவட்டத் தொழிலாளர்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. ஒன்று கவிழ்ந்தால், இழப்பீட்டின் போக்கைப் பெரிதும் தீர்மானிப்பது ஒரு கேள்வி: வண்டியை அமர்த்தியவர் யார்? தோட்ட முதலாளி எனில், பணியாளர் இழப்பீட்டையும் கோரலாம், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தையும் நாடலாம். ஆயினும் 167ஆம் பிரிவின்படி இரண்டில் ஒன்றே. தொழிலாளியே தலைக்கு இவ்வளவு என்று கொடுத்திருந்தால், சொந்த உபயோகத்துக்கான வண்டி வாடகைக்கு ஓடியது எனக் காப்பீட்டு நிறுவனம் கைகழுவ முனையும்.

அக்கேள்விக்கான விடையை, தமிழ் மட்டுமே அறிந்தவர் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து சொல்கிறார். அது மலையாளத்தில் எழுதப்படுகிறது. முதல் தகவலைத் தந்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது சட்டம். எம்மொழியில் என்று சொல்லவில்லை. கேரளத் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடந்தருகிறது. நாள்தோறும் எல்லை கடப்பவருக்கு அது கைகொடுப்பதில்லை. மொழியுரிமை என்றதும் பள்ளியையும் பெயர்ப்பலகையையும் பேசும் நாம் (ஆய்வேடுகளும் அங்கேதான் குவிகின்றன) இந்த வாக்குமூலத்தை ஏன் விட்டுவிடுகிறோம்?

விபத்து கேரளத்தில் நிகழ்ந்தாலும், 166ஆம் பிரிவின்படி, தாம் வசிக்கும் தேனியிலேயே அவர் மனுச் செய்யலாம். அங்கும் முதலில் கேட்கப்படுவது அந்த மலையாளத் தாள்தான்.