முகத்து முடிக்கு மாத்திரை: எங்கள் நிலைப்பாடு

வத்திராயிருப்பில் மேலுதட்டிலும் தாடையிலும் முடி அடரும் பெண்ணுக்கு முதலில் கஸ்தூரி மஞ்சள், அப்புறம் நூல், அதற்கும் அடங்காவிட்டால் யாரோ சொன்ன ஒரு ட்யூப். அதில் ஸ்டீராய்டு இருந்தால் மாதக்கணக்கில் தடவத் தடவ முடி கூடத்தான் செய்யும். பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை 2018இலேயே மைய அரசு மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. கடைக்காரர்கள் சீட்டுக் கேட்டே தர வேண்டும்.

இந்த முடிக்குப் பெரும்பாலும் காரணம் சினைப்பை நீர்க்கட்டி. உடம்பில் ஆண் ஹார்மோன் கூடுகிறது. மஞ்சள் அதைத் தொடாது. அவளுக்கு அது உறுத்தினால் மருந்து கேட்பது அவள் உரிமை.

குழந்தைக்கு முயலாத பெண்ணுக்கு முதல் மருந்து கருத்தடை மாத்திரைதான். அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2018இல் வெளியிட்ட வழிகாட்டியும் அதையே சொல்கிறது. நம்மூரில் இடறுவதும் இங்கேதான். “கல்யாணமாகாத பிள்ளைக்கா இந்த மாத்திரை?” என்று அம்மாமார் சீட்டை மடித்துவைத்துவிடுகிறார்கள். பெயர்தான் பயமுறுத்துகிறது. சினைப்பை சுரக்கும் ஆண் ஹார்மோனை அது குறைக்கிறது; நிறுத்தினால் கருத்தரிக்கத் தடையில்லை. அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரும் ‘மாலா-என்’ மாத்திரையும் இந்த வகையே. முடி விஷயத்தில் விலை கூடிய மாத்திரை அதைவிட மேல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ரத்தக்கட்டு, உயர் ரத்த அழுத்தம், கண்ணில் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆறு மாதம் பொறுக்க வேண்டும். முடி மெதுவாகத்தான் மெலியும். போதாவிட்டால் ஸ்பைரோனோலாக்டோன் சேர்க்கலாம். வயிற்றில் இருப்பது ஆண் சிசு என்றால் அதன் வளர்ச்சியை அது பாதிக்கக்கூடும். “விசேஷம் உண்டா?” என்று மாதாமாதம் கேட்கப்படும் புதுப்பெண்ணுக்குக் கருத்தடையை உறுதிசெய்யாமல் எழுதுவதை நாங்கள் எதிர்க்கிறோம். கல்லீரலைக் கெடுக்கக்கூடிய ப்ளூட்டமைடு இதற்கு வேண்டவே வேண்டாம். மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு, மாதவிடாய்க்கு உதவலாம். முடிக்காக மட்டும் வேண்டாம்.

சில மாதத்துக்குள் முடி வேகமாகப் பரவி, குரலும் கட்டையானால் மாத்திரையைத் தேட வேண்டாம். கட்டி ஏதும் இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் முகத்து முடிச் சிகிச்சைக்கென வாரம் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். மில்லுக்குப் போகிற பெண் மதுரைக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு. மருத்துவர் பார்க்கும் அறைக்குக் கதவும் வேண்டும். வரிசையில் நின்று தாடி முளைக்கிறது என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது.