ஓடைக்கு ஒரு தபால் குமாஸ்தா

எங்கள் எருமப்பட்டிப் பக்கம் ஃபீட் என்றால் கோழித்தீவனம். நாமக்கல் மாவட்டத்தில் வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? போன விடுமுறையில் என் மகள் வயிற்றுப் பேரன், "அப்புச்சி, ஃபீட் ரீடர் ஒண்ணு எழுதறேனுங்க" என்றான். திண்ணையில் இருந்த பண்ணைக்காரர் உடனே மக்காச்சோள விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இதற்கு 'ஃப்ளூ', அதாவது ஓட்டம் என்று பெயர். தமிழில் செய்தியோடை என்று அழகாக வைத்தார்கள். ஆங்கிலக்காரனுக்கு மட்டும் தீனி ஞாபகம்!

2004-ல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு வலைப்பதிவும் தன் புது இடுகைகளின் தலைப்பு, தேதி, சுட்டி, சுருக்கம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அதுதான் ஓடை. திரட்டி அந்தக் கோப்புகளைப் படித்து ஒரே முகப்பில் காட்டும். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

கேட்க எளிது. ஆனால் ஓடை ஒரே வகை இல்லை. 1999-ல் நெட்ஸ்கேப் ஆரம்பித்த ஆர்.எஸ்.எஸ். (அரசியல் வேண்டாம், இது வேறு) பல பதிப்புகளாகப் பிரிந்தது. 2002-ல் 2.0 வந்தது. 2005-ல் ஆட்டம் என்ற இன்னொரு முறை தரமானது. ஒன்றில் தேதி கிழமையோடு தொடங்கும், மற்றதில் ஆண்டு முதலில் வரும்.

பேரன் எழுதிய நிரலைக் காட்டினான். கோப்பைக் கொண்டுவருவது, புரிந்துகொள்வது, திரையில் காட்டுவது எல்லாம் ஒரே உருண்டை. கைபேசிக்கும் அதே வேண்டும் என்றதும் முதலிலிருந்து எழுத உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் நான் மூன்று வருடம் தபால் பிரிவில் இருந்தவன். தமிழில் வரும், பிரெஞ்சில் வரும், ஆங்கிலத்தில் வரும், தேதி போடாமலும் வரும். எல்லாம் பதிவேட்டில் எண், தேதி, அனுப்புநர், பொருள் என்று ஒரே கட்டங்களில்தான் ஏறும். மற்றப் பிரிவுகளுக்கு அந்தப் பதிவேடு போதும். யார் வந்து பார்ப்பார்கள் என்று தபால் குமாஸ்தா கவலைப்படுவதில்லை. அதனால்தான் எல்லாருக்கும் அவர் உதவுகிறார். "இந்தக் குமாஸ்தாவைத் தனியாகப் பிரித்து வைடா" என்றேன்.

கோப்பைக் கொண்டுவரும் ஆள் வேறு. அவன் அலைச்சலும் குறைய வேண்டும். "போன தடவை நான் வாங்கியதற்குப் பிறகு மாறியதா?" என்று கேட்டால், மாறாதபோது 304 என்ற பதிலோடு அந்தப் பக்கம் முடித்துக்கொள்ளும். முழுக் கோப்பையும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இழுத்து வருவது அநியாயம்.

ஓடையில் ஒரு குறி தப்பாக இருந்தால் என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. விதிப்படி மொத்தத்தையும் தள்ளிவிட வேண்டும் என்கிறான். கசங்கிய மனு என்று நாங்கள் திருப்பி அனுப்பினோமா? மார்க் பில்கிரிம் என்பவர் பைத்தானில் எழுதிய ஃபீட்பார்சர், தப்பான ஓடையிலும் முடிந்ததைப் படித்துக்கொடுத்து, 'இதில் பிழை உண்டு' என்று ஒரு குறியும் போட்டுவிடுமாம். இதுதான் குமாஸ்தா வேலை! அவர் 2011-ல் தம் இணையப் பக்கங்களை நீக்கிவிட்டுப் போய்விட்டார். அவர் செய்த பாகம் இன்றும் வேறு கைகளில் ஓடுகிறது.

இன்னொரு தப்பும் கண்டேன். தலைப்பு நீளமாக இருந்தால் அவன் படிக்கும் இடத்திலேயே வெட்டிவிடுகிறான். தமிழில் புள்ளி தனிக் குறி. இரண்டு குறியோடு வெட்டினால் 'மக்கள்' என்பது 'மக' ஆகிவிடும். வெட்டுவது காட்டுகிறவன் பாடு. குமாஸ்தா மனுவில் கத்தரிக்கோல் வைக்கக் கூடாது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்டான். 2013 ஜூலை 1-ல் கூகுள் ரீடர் மூடப்பட்டது. முன்கூட்டியே அறிவித்தார்கள். பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். எனக்குத்தான் புரியவில்லை. ஆங்கிலம் நான் வேலைக்கு வந்த பிறகு கற்றது. வருடக்கணக்காகச் சேர்த்த முகவரிகள் போயின. அதில் என்னோடு ஒரே அறையில் வேலை பார்த்த நண்பர் ஒருவரின் பதிவும் இருந்தது. தம் அம்மாவின் சமையலைப் பற்றி எழுதுவார். அவர் இப்போது இல்லை.

ஆகவே படிக்கும் பட்டியல் நிரலுக்குள் புதைந்திருக்கக் கூடாது, ஓ.பி.எம்.எல். கோப்பாக வெளியே இருக்க வேண்டும் என்றேன். இதற்கு மட்டும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டான். நினைவிலிருந்து பத்தொன்பது முகவரிகள் சொல்லியிருக்கிறேன். நண்பரின் முகவரியில் நடுவில் ஒரு சொல் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பேரன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.