பூட்டிய அலமாரியும் கோடை முகாமும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நகரத்துத் தனியார் பள்ளி வாசல்களில் 'அறிவியல் முகாம்' என்று பேனர் தொங்குகிறது. கட்டணம் கட்டியவர் வீட்டுப் பிள்ளை வெங்காயத் தோலை உரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, செல்லைத் தன் கண்ணால் பார்க்கிறது. அதே மே மாதத்தில் நம் சேரிப் பிள்ளைகள் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்குகிறார்கள். செங்கல் சூளையில் கல் அடுக்குகிறார்கள்.

நாம் படித்த பள்ளியிலும் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. அலமாரிக்குள் இருந்தது. அலமாரியைத் துடைக்க நம்மைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்ததைத் தொடக் கூப்பிடவில்லை. பார்க்காத செல்லைப் பார்த்ததாக ரெக்கார்டு நோட்டில் வரைந்து கையெழுத்து வாங்கினோம்.

2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது உண்டு. இடம் கிடைத்துவிடும், சரி. கருவியைத் தொட்டே பழகாத கை அங்கே போய் என்ன பாடுபடும்?

முகாம் நடத்தப் பெரிய செலவில்லை. மனு பிரகாஷ் குழுவினர் 2014இல் அறிமுகப்படுத்திய காகித நுண்ணோக்கி 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஏரித் தண்ணீர் ஒரு சொட்டுப் போதும், நீந்தும் உயிர்களைப் பார்க்கலாம். செம்பருத்தியைப் பிளந்தால் சூலகம் தெரியும். கறிக்கடையில் வாங்கிய ஆட்டு இதயத்தை அறுத்தால் நான்கு அறைகளும் தெரியும்.

ஆட்டுக்குள் ஈரல் எங்கே, குடல் எங்கே என்று நம் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் அலசிப் பழகியவர்கள். ஆனால் அதை வகுப்பில் சொல்லக் கூசுகிறார்கள். எங்கே கற்றாய் என்று யாராவது கேட்டால் சிரிப்பு எழும் என்ற பயம். முகாமில் அந்த அறிவுக்கு மதிப்பு வேண்டும். அதற்காக, 'உனக்குத்தான் பழக்கமாச்சே' என்று கத்தியையும் துடைப்பத்தையும் நம் பிள்ளையிடம் தள்ளிவிட்டு, லென்சையும் நோட்டையும் மற்றவர் வைத்துக்கொள்வதை ஏற்க மாட்டோம். அறுப்பதும் பார்ப்பதும் எழுதுவதும் கழுவுவதும் எல்லோருக்கும் முறைவைத்து வர வேண்டும்.

மே மாதத்தில் விடுதியும் மூடிக்கிடக்கிறது, சத்துணவும் இல்லை. தோப்புக் கூலியை விட்டு வரும் பிள்ளைக்குச் சோறும் பஸ் கட்டணமும் தராமல் முகாம் என்று அறிவித்தால் ஒருவரும் வரமாட்டார்கள். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் 1 வரை, ஒன்றியத்துக்கு ஒரு நலப் பள்ளியில், விடுதியைத் திறந்து, பத்து நாள் நடத்தலாம். பெண் பிள்ளைகளுக்குப் பாதி இடம்.

மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடமும் முதன்மைக் கல்வி அலுவலரிடமும் இதைக் கேட்கிறோம். மே 1 கிராம சபையில் பிளஸ் 2 முடித்த தம்பி தங்கைகளே எழுந்து தீர்மானமாக வைக்கட்டும். பள்ளி அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.