அனிதா பால்துரை: பத்மஸ்ரீக்கு அப்பால்

2021ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருதுப் பட்டியலில் அனிதா பால்துரை என்ற பெயர் இடம்பெற்றது. சென்னையில் பிறந்த கூடைப்பந்து ஆட்டக்காரர். பதினெட்டு ஆண்டுகள் நாட்டுக்காக ஆடியவர். பத்தொன்பது வயதில் அணித்தலைவியானவர். ஆசியப் போட்டிகளில் தொடர்ந்து ஒன்பது முறை களமிறங்கியவர். இலக்கியம் பேசும் இத்தளத்தில் பந்தாட்டம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நைனார்பாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் பெண்பிள்ளைகளுக்கு நாள்தோறும் தமிழ் கற்பிக்கும் நமக்கு, இவ்வாழ்க்கை விருதைவிடப் பெரிய செய்தியாகப் படுகிறது.

மேலை நாட்டில் கூடைப்பந்தைத் தொழிலாகக் கொண்டவர்களின் வரலாறு வேறு விதம். அமெரிக்காவின் பெக்கி ஹாம்மன் நியூயார்க், சான் அந்தோனியோ, ஸ்பெயின், ரஷ்யா என்று நாடு நாடாக ஆடினார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்ய அணிக்காகவே ஆடி வெண்கலம் வென்றார். பிறகு பயிற்சியாளராகி, 2022இல் லாஸ் வேகாஸ் அணியை, தாம் பொறுப்பேற்ற முதல் ஆண்டிலேயே பட்டம் வெல்ல வைத்தார். ஒப்பந்தம் எங்கு அழைக்கிறதோ அங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் வாழ்க்கை அது.

அனிதாவுக்கு வாய்த்தது தென்னக ரயில்வே வேலை. இதைச் சிலர் இளக்காரமாகப் பேசக் கேட்டிருக்கிறோம்: "நம்மூரில் விளையாட்டு, குமாஸ்தா வேலைக்கான ஏணிதானே?" நாம் அப்படிக் கருதவில்லை. திருமணமாகி, குழந்தை பெற்ற பின்னும் அனிதா களத்துக்குத் திரும்பினார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று இந்தியா வென்றபோது அவர் அணியில் இருந்தார். இரண்டே புள்ளிகள்!

அத்திரும்புதலைத் தனிமனித உறுதிக்கு மட்டும் கணக்கெழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் நடுவணரசுப் பெண் ஊழியர்களுக்கு 2008 முதல் 180 நாள் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு உண்டு. அமெரிக்கத் தொழில்முறைப் பெண்கள் கூடைப்பந்தில் முழுச் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு என்பது 2020 ஒப்பந்தத்தில்தான் எழுதப்பட்டது. ஏளனத்துக்குரிய குமாஸ்தா நாற்காலி, ஒரு தாய்க்கு அந்த அளவில் முந்தியே இடம் வைத்திருந்தது. ஹாம்மனின் சுதந்திரம் அதற்கில்லை; ஹாம்மனின் நிச்சயமின்மையும் அதற்கில்லை.

இனி நம் பக்கம். மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் இவ்வட்டாரப் பள்ளிகளில் பெண்கள் கபடி ஆடுகிறார்கள். மண்ணும் சுண்ணாம்புக் கோடும் போதும். கூடைப்பந்துக்கோ 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் கெட்டித் தரையும், பத்தடி உயரத்தில் வளையமும் வேண்டும். (1891இல் நெய்ஸ்மித் மாட்டிய பழக்கூடையின் அடி எப்போதோ போய்விட்டது. தமிழ்ப் பெயரில் மட்டும் கூடை முழுசாக இருக்கிறது.) ஆடும் பெண்கள் கல்லூரிக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். ஏனம்மா என்று கேட்டால், "கல்யாணம் பேசுறாங்க ஐயா" என்பதே விடை. விளையாட்டு ஒதுக்கீடு என்ற சொல்லை அவர்களுள் பலர் கேட்டதுகூட இல்லை. ஒதுக்கீடு ஏற்கெனவே பதக்கம் வாங்கியவரைத்தான் எடுத்துக்கொள்கிறது. பதக்கத்துக்கு முந்திய பத்தாண்டை யார் பார்த்துக்கொள்வது?

அனிதா பயிற்சியாளராகவும் ஆனார். அவரைப்போல் ஆடி முடித்த பெண்கள் ரயில்வேயில் இன்னும் பலர் இருக்கிறார்கள். கோடை விடுமுறையில் ஒரு மாதம், அலுவலகப் பணியாகவே கருதி, அவர்களுள் ஒருவரை இப்பக்கம் அனுப்பலாம். சேலம்-விருத்தாசலம் பாதையில் சின்னசேலம் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து அழைத்துவர நாங்கள் இருக்கிறோம்.