தீவுக்குப் போகும் மின்சாரமும் நம் கடைக்கு வரும் பில்லும்



மின்கட்டணம் உயர்ந்தால் நாம் கறுப்புக்கொடி கட்டுகிறோம், மனுக் கொடுக்கிறோம், ஒருநாள் கடையடைப்பும் நடத்துகிறோம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் மின்சாரமும் ஒரு சரக்கு என்பதை நாம் யோசிப்பதில்லை. அதற்கும் கொள்முதல் உண்டு, வண்டி வாடகை உண்டு, இருப்பு வைக்கிற செலவு உண்டு. நாடு முழுக்கக் கம்பி ஓடுகிற இடத்தில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்து, பில்லில் ஒரே தொகையாக வந்து நிற்கின்றன. கம்பி எட்டாத சின்னத் தீவுகளில்தான் இவை தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். ஆகவே இலத்தூரில் பருப்பு மூட்டை விற்கிறவன் தீவுகளின் மின்சாரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று யாரும் கேட்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்று மூன்று தீவுகள் இருக்கின்றன. பேசுவது நம் மொழி. தமிழகக் கரையிலிருந்து ஏறக்குறைய 50 கிலோ மீட்டர்தான். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குத் திருவிழா என்றால் படகு படகாக ஜனம் போகும். இந்த மூன்று தீவுகளுக்கும் இலங்கையின் பொது மின்கம்பி போகவில்லை. டீசல் என்ஜின் ஓடினால் விளக்கு எரியும். அந்த டீசலும் படகில்தான் வந்து இறங்க வேண்டும்.

இந்த நிலையை மாற்ற, சூரிய ஒளி, காற்று, பேட்டரி மூன்றையும் சேர்த்து ஒரு திட்டம் போட்டார்கள். 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு வேலை ஒதுக்கப்பட்டது. நம் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் சீனா வரக்கூடாது என்று இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வேலையை நிறுத்தி வைத்துவிட்டதாகச் சீனத் தூதரகம் சொன்னது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்பாடு. 2024 மார்ச் 1ந் தேதி பெங்களூரைச் சேர்ந்த யூ சோலார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தொகை 1 கோடியே 10 லட்சம் டாலர். கடன் கிடையாது, இந்தியா கொடுக்கிற நன்கொடை. நம் நாட்டின் பாதுகாப்பைக் கவனித்தது சரி என்பதே என் அபிப்பிராயம். ஆனாலும் அந்த மூன்று வருஷமும் தீவுக்காரன் டீசல் புகையில்தான் இருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தத்தில் உள்ள அளவுகளைப் பாருங்கள். சூரிய ஒளித் தகடுகள் 1,700 கிலோவாட். காற்றாலை 530 கிலோவாட். பேட்டரி 2,400 யூனிட் கொள்ளும். இவற்றோடு அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல் என்ஜின். நம்ம பையன்களிடம் காட்டினேன். "அண்ணாச்சி, சூரியனும் காற்றும் 2,230 கிலோவாட் இருக்கும்போது அதைவிடப் பெரிதாக டீசல் என்ஜின் எதுக்கு?" என்று கேட்டார் பக்கத்துக் கடைத் தம்பி. நல்ல கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் வானம் மூடிக்கொண்டு, காற்றும் படுத்துவிட்டால், ஊர் முழுவதையும் அந்த என்ஜின் ஒன்றே தாங்க வேண்டும். பக்கத்து ஊரிலிருந்து கம்பி போட்டு வாங்க முடியாது. அதாவது ஒரே சரக்குக்கு இரண்டு கொள்முதல் ஏற்பாடு. இரண்டுக்கும் முதல் போட வேண்டும். தீவில் மின்சாரம் விலை அதிகம் என்பதற்குப் பாதிக் காரணம் இங்கேயே இருக்கிறது.

மீதிக் காரணம் பேட்டரி. நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு சுமார் 4 யூனிட் தரும். 1,700 கிலோவாட்டுக்கு 6,800 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவும் காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் வந்து இறங்கிவிடும் சரக்கு. ஜனங்கள் விளக்குப் போடுவது 6 மணிக்கு மேல். பேட்டரி என்பது இந்தச் சரக்கை ஏற்றி வைக்கிற குடோன். ராத்திரி மூன்று தீவும் சேர்ந்து 400 கிலோவாட் இழுத்தால் 2,400 யூனிட் 6 மணி நேரம் வரும். குடோன் வாடகை இல்லாமல் மொத்த வியாபாரம் உண்டா? அந்தச் செலவைச் சரக்கின் மேல் போடாமல் முடியுமா?

நம் நாட்டிலேயே இலட்சத்தீவு இருக்கிறது. மினிக்காய் தீவுக்கு 1962ல் டீசல் மின்நிலையம் வந்தது. கடைசியாக பித்ரா தீவுக்கு 1982ல் வந்தது. அத்தனைக்கும் எண்ணெய் கேரளக் கரையிலிருந்து கடல் தாண்டித்தான் போக வேண்டும். தென்மேற்குப் பருவம் பிடித்துவிட்டால் பேப்பூரிலிருந்து உருக்கள் கிளம்ப முடியாது. அரிசியானாலும் டீசலானாலும் முன்கூட்டியே போய் இருப்பில் இருக்க வேண்டும். அங்கே ஒரு யூனிட் தயாரிக்கிற செலவு நம் ஊரைப்போலப் பல மடங்கு. வித்தியாசத்தை அரசாங்கம் தாங்குகிறது. சில ஆயிரம் பேருக்காக இவ்வளவு ஏன் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. தபால் கார்டு கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் ஒரே விலை என்று வைத்தவர்கள் கணக்குத் தெரியாதவர்களா? 2024 ஜனவரியில் கவரத்தி தீவில் பேட்டரியோடு கூடிய சூரிய மின்நிலையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். 1.7 மெகாவாட்தான். ஆனாலும் அந்த அளவுக்கு டீசல் கப்பல் ஏற வேண்டாம்.

டீசல் கணக்கு நமக்குப் புதிதல்ல. 2012ல் நம் மாவட்டங்களில் பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்ததே, அப்போது நாம் ஒவ்வொருவரும் ஒரு தீவாகத்தான் இருந்தோம். என் குடோனுக்கும் ஜெனரேட்டர் வாங்கினேன். லிட்டருக்கு 3 யூனிட் கிடைத்தால் அதிகம். அந்த வருஷக் கடைசியில் டீசல் 50 ரூபாயை ஒட்டி விற்றது. எண்ணெய்க் கணக்கிலேயே யூனிட் 16 ரூபாய். 90 ரூபாயைத் தாண்டிய பிறகு அதே யூனிட் 30 ரூபாய். இதில் மெக்கானிக் கூலி, பெல்ட், பில்டர் சேரவில்லை.

நெடுந்தீவுத் திட்டத்தில் என் கவலை ஒன்றுதான். இங்கே கயத்தாறில் ஒரு காற்றாலை நின்றுபோனால் திருநெல்வேலியிலிருந்து சாயங்காலத்துக்குள் ஆள் வந்துவிடுவான். தீவில் கடல் கொந்தளித்தால் ஆளும் வரமாட்டான், சாமானும் வராது. நன்கொடை கொடுக்கிற நம் அரசாங்கம் திறப்பு விழாவோடு கையைக் கழுவாமல், ஐந்தாறு வருஷத்துக்கான உதிரிப் பாகங்களைத் தீவிலேயே இருப்பு வைக்க வேண்டும். தீவுப் பிள்ளைகள் பத்துப் பேருக்காவது வேலை கற்றுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த 2,500 கிலோவாட் டீசல் என்ஜினே மறுபடியும் முதலாளி ஆகிவிடும்.

இனி நம் சங்கதிக்கு வருகிறேன்.

2023ல் மத்திய அரசு மின்நுகர்வோர் விதிகளைத் திருத்தியது. நேரத்துக்கு ஏற்ற கட்டணம் என்பது அதன் சாரம். வெயில் நேரத்தில் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் தணிந்திருக்க வேண்டும். உச்ச நேரத்தில், வணிக, தொழில் இணைப்புகளுக்கு 1.2 மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் 1, விவசாயம் நீங்கலாக மற்றவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 என்று தேதியும் குறித்தார்கள். ஸ்மார்ட் மீட்டர் வந்தால்தான் இதைக் கணக்கிட முடியும். எத்தனை ரூபாய் என்பதை மாநில ஒழுங்குமுறை ஆணையம்தான் சொல்ல வேண்டும்.

நியாயம் இல்லாத விதி என்று நான் சொல்லமாட்டேன். ராத்திரி மின்சாரம் குடோனில் வைத்து எடுத்த சரக்கு, விலை அதிகம்தான். தீவைப் பார்த்த பிறகு அதை மறுக்க முடியாது. ஆனால் மளிகைக் கடைக்கு வியாபாரமே மாலை 6 மணியிலிருந்து 10 மணி வரைதானே! குற்றால சீசனில் கேட்கவே வேண்டாம். தொழிற்சாலைக்காரர் மோட்டாரைப் பகலில் ஓட்டிக்கொள்ளலாம். வேலைக்குப் போய்த் திரும்புகிற வாடிக்கையாளரை மத்தியானம் 12 மணிக்கு வாருங்கள் என்று நாம் சொல்ல முடியுமா?

அதிலும் நம் பக்கத்து நிலைமையை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்று நாடறிந்தது. அந்தக் காற்றில் கிடைத்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள வழியில்லை என்று காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன வருஷங்கள் உண்டு. ஸ்பெயின் நாட்டின் எல் இயர்ரோ என்ற தீவில் 2014 முதல், மிஞ்சுகிற காற்று மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மலைமேல் ஏற்றி வைத்து, காற்று ஓய்ந்தபோது கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கும் டீசல் முழுக்கப் போய்விடவில்லை. இந்த வித்தை நமக்கும் தெரியும். ஆனைமலைப் பக்கம் காடம்பாறையில் 400 மெகாவாட் அளவில் 1980களின் கடைசியிலிருந்தே இருக்கிறது. அதைப்போல இன்னும் நாலு இருந்திருந்தால் ஆடிக் காற்றை அந்தந்த நாள் ராத்திரிக்கே விற்றிருக்கலாம்.

ஆகவே ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நம் சங்கம் பொத்தாம்பொதுவாக "உயர்த்தாதே" என்று சொல்லிவிட்டு வருவது போதாது. முதலில் வெயில் நேரத் தள்ளுபடியைக் கொடு. துணை மின்நிலையங்களில் பேட்டரி வை. வைத்த பிறகு மாலைக் கட்டணத்தைப் பற்றிப் பேசு. குடோனே கட்டாதவன் குடோன் வாடகை கேட்கக் கூடாது என்று கணக்கோடு கேட்க வேண்டும்.

அதற்குக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். உறுப்பினர்கள் ஒரு வாரம் மாலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் தங்கள் கடை மீட்டர் ரீடிங்கைச் சிட்டையில் எழுதி, கடை அளவு, பிரீசர் எத்தனை என்ற விவரத்தோடு அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எழுத நேரமில்லை என்பவர்கள் பையனை விட்டாவது எழுதச் சொல்லுங்கள்.